நாற்பத்து மூன்றாம் பக்கம்

ரோஸ்-பெல் பள்ளியின் மாடி வகுப்பு.
வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை.
ஒன்பது பேர், ஏழு புத்தகங்கள்.

"ஓரத்தில் எழுதுங்கள்" என்றேன்.
யாரும் பென்சிலைத் தொடவில்லை.
பள்ளிக்கூடத்துச் சொத்து,
கிறுக்கினால் இருநூறு ரூபாய் அபராதம் என்று
முதல் பக்கத்திலேயே ஊதா முத்திரை.
"பென்சில்தானே, நவம்பரில் அழித்துவிடலாம்.
அதுவரை இந்த வெள்ளை ஓரத்தில்
நீங்கள் குடியிருக்கலாம்."

பலகையில் விதி எழுதினேன்:
பிடித்த வரிக்குக் கீழே கோடு,
தெரியாத சொல்லைச் சுற்றி வட்டம்,
இடறும் இடத்தில் கேள்விக்குறி.

கதை ஒரு தையல்காரனுடையது.
கடனுக்கு மெஷினை விற்றுவிட்டு
இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறான்.
விற்றுவிட்டேன் என்கிறான் மனைவியிடம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பத்து மூன்றாம் பக்கம்,
கீழிருந்து நான்காம் வரி.

இருபது நிமிடம் கொடுத்தேன்.
வெளியே கரும்பு லாரி ஒன்று
கியர் மாற்றி மாற்றி மேடேறிக்கொண்டிருந்தது.

கேசவேன் எல்லா வரிக்கும் கோடு போட்டிருந்தான்,
தலைப்புக்கும், பக்க எண்ணுக்கும் கூட.
"எல்லாமே பிடிச்சிருக்கா?"
"எதை விடறதுன்னு தெரியல மிஸ்."

ஜெரேமி வீரப்பென் பக்கத்தில் ஒரே வட்டம்,
அதுவும் தால்பூரி எண்ணெய்.
இருக்கட்டும், அதுவும் ஒரு குறிப்புதான்:
இந்த இடத்தில் வாசகனுக்குப் பசித்தது.

லுட்மிலா 'பொத்தானை' வட்டமிட்டு
அருகே 'பூத்தோன்' என்று தன் வீட்டுச் சொல்லை எழுதி
இரண்டையும் அம்புக்குறியால் கோத்திருந்தாள்,
திருவிழாக் கூட்டத்தில்
சித்தப்பா மகளைக் கண்டுகொண்டவள் மாதிரி.

செல்வினா எதுவுமே போடவில்லை என்றுதான் நினைத்தேன்.
கீழிருந்து நான்காம் வரிக்கு நேரே,
எறும்பு ஊர்ந்ததுபோல்
தமிழ் எழுத்தில் கிரியோல்:
பா வ்ரே.
உண்மையில்லை.

"எது உண்மையில்லை?"
தாளைத் திருப்பினாள்.
"சாப்பிட உக்கார்றான் மிஸ், குழம்புல உப்பு கூடிப்போச்சு.
தினம் சமைக்கிற அம்மா.
அது கை தவறியா?
அவங்க சொல்லிட்டாங்க.
அவருக்குத்தான் கேக்கல."

அவர் என்றது தையல்காரனையா,
கதை எழுதியவரையா,
கேட்க வாயெடுத்தேன், மணி அடித்துவிட்டது.

பதினோரு வருஷமாக நடத்தும் கதை.
என் புத்தகத்தில் அந்த வரிக்கு நேரே
சிவப்பு மையில், அழியாத மையில்,
'முக்கியம். ஐந்து மதிப்பெண்.
மனைவியின் பொறுமையை விளக்குக.'
விடையும் நானே எழுதி வைத்திருக்கிறேன், ஆறு வரி.
பொறுமை என்ற சொல் நான்கு முறை வருகிறது.
பேருந்தில் அதை எண்ணிக்கொண்டே போனேன்.
நூவெல் பிரான்ஸில் இறங்க வேண்டியவள்
கியூர்பிப் வந்தபின்தான் தலை நிமிர்ந்தேன்.
மழை. குடையும் இல்லை.
அன்றிரவு என் வீட்டுச் சாப்பாட்டில்
உப்பு சரியாக இருந்ததா என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

நவம்பர் வந்தது. அழிக்கும் நாள்.
மேசையெல்லாம் ரப்பர் துருவல்,
ஊதினால் முன்வரிசையின் முதுகில்.
செல்வினா இரண்டே தேய்ப்பில் முடித்துவிட்டு
நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
கேசவேனுக்குத்தான் ஊர்ப்பட்ட வேலை.
ஒவ்வொரு வரியாக, பல்லைக் கடித்து,
நாற்பத்து மூன்றுக்கு வரும்போது
தாள் பொத்துக்கொண்டது.

'ஒன்றும்' இருந்த இடத்தில் ஓர் ஓட்டை.
ஓட்டைக்குள் அடுத்த தாளிலிருந்து
'உப்' என்று பாதிச் சொல் எட்டிப் பார்த்தது.
அவள் உப் சொல்லவில்லை.

"இருநூறு ரூபாயா மிஸ்?"
செல்லோடேப் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.
புதுச்சுருள்.
இழுப்பறை திறக்க மாட்டேனென்கிறது,
அப்படியே இருக்கட்டும் என்றேன்.

பா வ்ரே.